இருக்கலாம்

செப்டம்பர் 26, திங்கள்

ஜனவரியில் வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தது போக, கடை டைரி ஒன்று குடோனில் தூசி படிந்து கிடந்தது. வீணாகப் போகிறதே என்று வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். வருடம் முக்கால்வாசி போய்விட்டது. போகட்டும், மிச்சமிருக்கிற மாதமும் மாதம்தானே. ஒவ்வொரு பக்கத்தின் மேல் மூலையிலும் முதலாளியின் படம் போட்டிருக்கிறது. ஆகவே இதில் மரியாதைக் குறைவாக எதையும் எழுத முடியாது. எழுதவும் மாட்டேன்.

என் பெயர் ஆவுடையப்பன். தென்காசி நின்றசீர் ஜவுளிக்கடலில் இரண்டாம் மாடி, பட்டுச் சேலைப் பிரிவுக்கு சூப்பர்வைசர். எனக்குக் கீழே பதினான்கு பெண்கள். அவர்கள் நிற்கிறார்களா என்று பார்ப்பது என் வேலை. நானும் நின்றுகொண்டேதான் பார்ப்பேன். சேர்ந்த நாளிலிருந்து இன்றுவரை வேலை நேரத்தில் நான் உட்கார்ந்ததே கிடையாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைதான், ஆனாலும் அதற்காகச் சொல்லவில்லை.

இன்று முதலாளி திரவியம் அண்ணாச்சி கூப்பிட்டு விட்டார். கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை போட வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறதாம். வந்தே நாளாகிவிட்டதாம். தீபாவளிக்கு முன்னால் ஆய்வாளர் வருவார் என்று ஆடிட்டர் பயமுறுத்தியிருக்கிறார்.

"ஆவுடை, ஸ்டூலு வாங்கிப் போட்டுருவோம். சட்டம்னா சட்டம்லா. ஆனா அந்த வார்த்த மட்டும் நம்ம கடைக்குள்ள வரப்பிடாது, பாத்துக்கிடும்."

அந்த வார்த்தை 'உட்கார்'. அதைச் சொன்னால் வியாபாரமும் உட்கார்ந்துவிடும் என்பது அண்ணாச்சியின் நம்பிக்கை. எதிர்க்கடைக்காரர் ஒரு நாள் காலையில் 'உஸ்ஸப்பா, செத்த உக்காருவோம்' என்று சொன்னாராம். அடுத்த மாதமே கடையைப் பூட்டினாராம். அவர் ராப்பகலாகச் சீட்டாடினார் என்பதை அண்ணாச்சி கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே வருகிறவர்களிடம் நாங்கள் 'இருங்கம்மா, இருங்கய்யா' என்றுதான் சொல்வோம்.

என் மனைவி உலகம்மாள் என் இடது காலைப் பார்த்து, "இதென்னது, நரம்பு கயிறு திரிச்ச மாதிரி நிக்கி?" என்றாள். வெயில் என்றேன். நாலு நாளாக விடாமல் சாரல் அடிக்கிறது என்று ஞாபகப்படுத்தினாள்.

செப்டம்பர் 29, வியாழன்

எங்கள் மாடிக்கு ஆறு ஸ்டூல் வந்தது. அதோடு போர்டு ஒன்றும் எழுதி மாட்ட வேண்டும். 'பணியாளர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம்' என்று ஆடிட்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அண்ணாச்சி அதைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார். எனக்குச் சட்டென்று ஒரு யோசனை வந்தது. 'இருக்கலாம்' என்று போடுவோமே என்றேன். "நீரு படிச்ச ஆளுவே!" என்று முதுகில் தட்டினார். மத்தியானத்துக்குள் போர்டு தொங்கியது.

'பணியாளர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போது இருக்கலாம். - நிர்வாகம்.'

பெண்கள் கூடி நின்று படித்தார்கள்.

"அண்ணாச்சி, அப்பம் இம்புட்டு நாளும் நாங்க இல்லாமயா இருந்தோம்?" என்று என்னைக் கேட்டாள் பேச்சித்தாய்.

"வாய்ப்புக் கெடைக்கலைன்னா செத்துரணுமாக்கும்," என்றது ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள்.

"இருக்கலாம்னா, அது வந்து, இப்படி," என்று நான் முழங்காலை மடக்கிக் காட்டினேன். வாயால் சொல்ல முடியாதே. இடது கால் பாதியிலேயே நின்றுவிட்டது. பேச்சித்தாய்தான் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

இந்தப் பேச்சித்தாய் மேலகரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவள். கர்ச்சீப் வாங்க வந்த அம்மாளுக்குக் கல்யாணப் பட்டு கட்டி அனுப்பக்கூடிய கெட்டிக்காரி. புருஷன் லாரியில் கிளீனர், பாதி நாள் வீட்டில்தான் கிடப்பான். பிள்ளை ஒன்று எல்.கே.ஜி. படிக்கிறது. இவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கிறது. வாய் மட்டும் கொஞ்சம் அதிகம்.

அக்டோபர் 1, சனி

வாய்ப்புக் கிடைத்தால்தானே உட்காருவார்கள்? வாய்ப்பே கிடைக்காமல் பார்த்துக்கொள்ளும்படி அண்ணாச்சி உத்தரவு. ஆள் வராத நேரத்தில் மடித்த சேலையைப் பிரித்து, மறுபடி மடிக்க வேண்டும். இன்று ஒரே மாம்பழக் கலர் சேலையைப் பொழுதெல்லாம் மடித்தார்கள். சாயங்காலம் பார்த்தால் அது புதுச்சேலை மாதிரியே இல்லை.

அக்டோபர் 4, செவ்வாய். ஆயுத பூஜை

ஸ்டூல்களைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, ஆளுக்கொரு முழம் பூ சுற்றிப் பூஜையில் வைத்தோம். சூடம் காட்டி முடித்ததும் அண்ணாச்சி என் காதோடு, "பூசையில வச்சாச்சி. இனி அதுல போய் எவளாவது ... வைப்பாளாவே?" என்றார். நடுவில் அவர் சொன்ன சொல்லை அவர் படத்துக்குக் கீழேயே எழுத எனக்குக் கை வரவில்லை.

என்ன மூளை அந்த மனிதருக்கு! சட்டத்துக்கு ஸ்டூலும் ஆச்சு, சாமி காரியமும் ஆச்சு. பொரியும் கடலையும் நன்றாக இருந்தது.

அக்டோபர் 6, வியாழன்

பேச்சித்தாய் உட்கார்ந்துவிட்டாள்.

மத்தியானம் கூட்டமில்லாத நேரம். நேராகப் போனாள். ஸ்டூலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உட்கார்ந்தாள். சாமியும் கும்பிட்டாயிற்று, இனி என்ன என்பதுபோல் ஒரு பார்வை. நான் பதறிப் போய், "ஏட்டி, பூசையில வச்சதுட்டி!" என்றேன்.

"கத்திரிக்கோலயும் பில்லு மிசினயும்கூடத்தான் பூசையில வச்சீய. இன்னைக்குக் காலைல இருந்து பில்லு போடலையா?"

அவள் விடவில்லை. "எங்க பெரியம்மா மக புனலூர்ல துணிக்கடையிலதான் நிக்கா. அங்கெல்லாம் பொம்பளைக போராடி எப்பவோ வாங்கிட்டாவ. அவுக மலையாளத்துல 'இரிக்கான் அவகாசம்'னு பேரு. அவகாசம்னா உரிமையாம் அண்ணாச்சி. நம்ம ஊர்ல அவகாசம்னா நேரம். நமக்கு ரெண்டும் கெடையாது."

உரிமை என்ற சொல்லை 'உரிமையாளர்' என்று கல்லாவுக்கு மேலே எழுதியிருக்கும் இடத்தில்தான் நான் படித்திருக்கிறேன். இவள் தனியாகப் பிரித்துச் சொல்கிறாள்.

அதற்குள் கீழேயிருந்து போன். அண்ணாச்சி கேமராவில் பார்த்திருக்கிறார். "பட்டு செக்சன்ல ஒருத்தி மட்டும் பாதி உசரத்துல தெரியுதாளே! யாருவே அது?"

இறங்கிப் போனேன். அண்ணாச்சி கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"தீவாளி முடியட்டும், அவள அனுப்பிருவோம். சும்மா அனுப்புனா சட்டம் கிட்டம்னு போவா. அவ இருந்ததால ஒரு கஸ்டமரு கோவிச்சிக்கிட்டுப் போயிட்டாங்கன்னு நீரு சொல்லணும். எல்லாரு முன்னாலயும் நான் கேப்பேன். நீரு சொல்லும். மத்தவளுக்கும் புத்தி வரும்லா."

"சரி அண்ணாச்சி" என்றேன். வேறென்ன சொல்ல?

வீட்டில் இட்லி இறங்கவில்லை. மாவு சரியாகப் புளிக்கவில்லை என்று நினைக்கிறேன். உலகம்மாளும் அதே இட்லியைத்தான் சாப்பிட்டாள், ஒன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 8, சனி

கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். 'ஆமா அண்ணாச்சி, கஸ்டமரு போயிட்டாங்க.' நன்றாகத்தான் வருகிறது. இன்னும் கொஞ்சம் பழக வேண்டும்.

அக்டோபர் 12, புதன்

தீபாவளிக் கூட்டம் ஆரம்பித்துவிட்டது. சேலை எடுக்க வருகிற பெண்களோடு வரும் புருஷன்மார்கள் ஆறு ஸ்டூலையும் பிடித்துக்கொள்கிறார்கள். ஒருவர் குறட்டையே விட்டார். ஸ்டூல் யாருக்காவது பயன்படுகிறதே என்று எனக்கும் திருப்தி.

மத்தியானம் ஒல்லியாக ஒருவர், கூட ஓர் அம்மாள். அந்த அம்மாள் ஒரு சேலையையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை, சும்மா சுற்றிச் சுற்றி வந்தார். பாவம், மனிதர் கால் கடுக்க நிற்கிறாரே என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். "இப்படி இருங்க சார். அம்மா எடுத்து முடிக்க நேரமாகும்."

உட்கார்ந்தார். "நல்ல ஸ்டூலா இருக்கே. யாருக்குப் போட்டது?"

"உங்கள மாதிரி வாரவங்களுக்குத்தான் சார்!"

"அப்ப இந்தப் பொண்ணுங்க?"

"அவங்க நின்னு பழகுனவங்க சார். என் செக்சன்ல ஒருத்தியும் இருக்கவே மாட்டா. நான் இருக்க விடவும் மாட்டேன்," என்றேன். சொல்லும்போது நெஞ்சைக் கொஞ்சம் நிமிர்த்தியும்விட்டேன்.

அவர் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்தார். அந்த அம்மாள் அவர் மனைவியே இல்லை, அவரோடு வேலை பார்க்கிறவராம்.

இதற்கு மேல் இன்றைக்கு எழுதத் தெம்பில்லை.

அக்டோபர் 13, வியாழன்

அண்ணாச்சி என்னைத் திட்டியதை எழுதினால் டைரி தாங்காது. அடுத்த செவ்வாய் ஆய்வாளர் முறைப்படி வருவார். அதற்குள் எல்லாருக்கும் ஸ்டூல் போட்டிருக்க வேண்டும், உட்காரவும் விட்டிருக்க வேண்டும். இன்னொரு விஷயத்தையும் அண்ணாச்சி ஞாபகப்படுத்தினார். "அந்தப் பேச்சி விசயம் தீவாளி முடிஞ்சதும் உண்டு. மறந்துராதயும்."

அக்டோபர் 14, வெள்ளி

உலகம்மாள் வேலைக்குப் புறப்பட்ட என்னை மடக்கி டாக்டரிடம் இழுத்துப் போனாள். நின்றே வேலை பார்ப்பவர்களுக்கு வருகிற நரம்புச் சுருட்டல் என்றார் டாக்டர். இடது காலில் முற்றிவிட்டதாம். இறுக்கமான காலுறை போட வேண்டும், அடிக்கடி உட்கார வேண்டும், இல்லாவிட்டால் புண்ணாகி ஆபரேஷன் வரைக்கும் போகும் என்றார். நிற்கிற வேலையா என்று கேட்டதற்கு, நடமாடுகிற வேலை என்றேன். டாக்டர் ரொம்பச் சின்ன வயசு. அனுபவம் போதாது.

திரும்பி வரும்போது உலகம்மாள், "பேரு ஆவுடையப்பன். ஆவுடைன்னா சாமியே இருக்கிற பீடம்லா. நீங்க மட்டும் எதுக்கு இப்படி நட்டுவச்ச கம்பம் மாதிரி நிக்கீய?" என்றாள். பஸ் சத்தத்தில் காதில் விழாததுபோல் இருந்துவிட்டேன்.

அக்டோபர் 17, திங்கள்

கடை திறப்பதற்கு முன் ஒத்திகை. மணி அடித்தால் பதினான்கு பேரும் சேர்ந்து உட்கார வேண்டும். மணி அடித்தேன். உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் நாலு பேர் தூங்கிவிட்டார்கள். வீட்டிலும் பஸ்ஸிலும் கடையிலும் நின்றே பழகிய உடம்பு. ஸ்டூல் கிடைத்ததும் கண் சொருகிவிட்டது. ஒருத்தியை எழுப்பினேன். "இட்லி எடுத்து வச்சிட்டேன் அத்தை" என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணைத் திறந்தாள்.

அதைப் பார்க்க அண்ணாச்சி மாடியேறி வந்தார். அவர் தலை தெரிந்ததுதான் தாமதம், எல்லாரும் வாரிச்சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். கையமர்த்தினார். நின்றார்கள். முறைத்தார். இன்னும் விறைப்பாக நின்றார்கள். அண்ணாச்சிக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏ மூதிகளா, உக்காருங்கட்டி!"

அந்த வார்த்தை. அவர் வாயாலேயே. கடைக்குள்ளேயே. அப்படியே முகம் வெளுத்துவிட்டது மனிதருக்கு. விறுவிறுவென்று இறங்கிப் போய் வாசலில் சிதறுகாய் உடைத்துவிட்டுத்தான் கல்லாவில் அமர்ந்தார்.

அக்டோபர் 18, செவ்வாய்

அண்ணாச்சியோடு ஆய்வாளர் மாடியேறி வந்தார். எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். தூங்காமல் இருக்க வாயில் கிராம்பு கொடுத்திருந்தேன். அவர் நேராகப் பேச்சித்தாயிடம் போனார்.

"ஏம்மா, தினமும் இப்படி உட்கார விடுறாங்களா?"

அவள் அண்ணாச்சியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். போர்டைப் பார்த்தாள்.

"இருக்கலாம் சார்."

"இருக்கலாம்னா? விடுறாங்களா, இல்லையா?"

"அதான் போர்டுலயே போட்டிருக்காவளே சார். இருக்கலாம்."

ஆய்வாளர் போர்டை வெகுநேரம் படித்தார். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியதுபோல் இருந்தது. 'உட்காரலாம்' என்று தெளிவாக மாற்றி எழுதும்படி சொன்னார். தீபாவளி கழித்து முன்னறிவிப்பில்லாமல் வருவாராம். போகும்போது என்னிடம், "நீங்களும் பணியாளர்தானே? உங்க ஸ்டூல் எங்க?" என்றார்.

"பழக்கமில்ல சார்" என்றேன். அவர் என் இடது காலைப் பார்த்துவிட்டுப் போனார். வேட்டி கொஞ்சம் தூக்கியிருந்தது போல.

அக்டோபர் 23, ஞாயிறு

கூட்டம். கூட்டம். கூட்டம். ஸ்டூல் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. கால் வலிக்கவில்லை. வலிப்பதைக் கவனிக்க நேரமில்லை.

அக்டோபர் 24, திங்கள். தீபாவளி

நாள் முழுக்கப் படுத்திருந்தேன். பேச்சித்தாய் தன் பிள்ளையோடு வந்து முறுக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். அந்தப் பிள்ளை என் கால்மாட்டில் உட்கார்ந்து, "தாத்தா, ஒங்க காலுல ஆறு ஓடுது" என்றது. முறுக்கு நல்ல மொறுமொறுப்பு. ஒன்றுகூடத் தின்ன முடியவில்லை. நாளை மறுநாள் கடை திறக்கும்.

அக்டோபர் 26, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தீபாவளிக்கு மறுநாள் விடுமுறை முடிந்து இன்று கடை திறந்தது. ஈ காக்கை இல்லை. எல்லாரும் ஸ்டூலில் இருந்தார்கள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய்க்குள் அந்த வசனம். 'ஆமா அண்ணாச்சி, கஸ்டமரு போயிட்டாங்க.' பேச்சித்தாய் தன் ஸ்டூலை இழுத்து வந்து எனக்குப் பின்னால் போட்டாள். ஒன்றும் பேசவில்லை. வாய் அதிகம் என்று எழுதியிருந்தேனே, அவள்தான். நான் தவறுதலாக அதில் உட்கார்ந்துவிட்டேன்.

என்னத்தைச் சொல்ல! அடேயப்பா, எவ்வளவு சுகம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை காலம் இதை இவர்களுக்கு இல்லை என்றா நான் காவல் நின்றேன் என்று ஒரு நினைப்பு ஓடியது. ஃபேனுக்கு நேர் கீழே இருந்ததால் கண்ணில் தூசியும் விழுந்திருக்கும்.

அப்போது பார்த்து மாடிப்படியில் அண்ணாச்சி. எல்லாப் பெண்களும் சடாரென்று எழுந்தார்கள். நான் எழவில்லை.

"ஆவுடை?"

"அண்ணாச்சி."

"எந்திரிக்கலையாவே?"

"கால் மரத்துப் போச்சி அண்ணாச்சி. வலது கால்."

அவர் மிச்சப் படியையும் ஏறி வந்தார். பிறகு எல்லார் முன்னாலும் சத்தமாகக் கேட்டார். "சரி, அப்படியே சொல்லும். இந்தப் பேச்சி அன்னைக்கு ஸ்டூல்ல இருந்ததால கஸ்டமரு போச்சா, இல்லையா?"

பேச்சித்தாய் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள். கேள்வியைக் கேட்டு அவள் திகைக்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். அவளுக்கு விஷயம் முன்பே தெரிந்திருக்கிறது, கல்லாப் பக்கம் யாரோ கேட்டுச் சொல்லியிருக்க வேண்டும். தெரிந்துதான் முறுக்குக் கொண்டுவந்தாளா? தெரிந்துதான் ஸ்டூலைப் போட்டாளா?

வசனம் நன்றாகவே மனப்பாடம். ஆனால் அதை நின்றுகொண்டு சொல்லித்தான் பழகியிருந்தேன். உட்கார்ந்த இடத்தில் வேறு வார்த்தை வந்துவிட்டது.

"ஒருத்தரும் போகல அண்ணாச்சி. அன்னைக்குக் கூடுதலா வித்தது அவதான். உக்காந்துக்கிட்டேதான் வித்தா."

உக்காந்துக்கிட்டே. நல்ல கணீரென்று சொல்லிவிட்டேன். அண்ணாச்சி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "என்ன வார்த்தவே சொன்னீரு! காலங்காத்தால! ஏவாரத்துக்கு ஒல வச்சிட்டீரே! நீரும் அவளும் சேந்து..."

அவர் முடிக்கவில்லை. படியில் திமுதிமுவென்று சத்தம். கடையநல்லூர் கல்யாண வீட்டார், வேன் பிடித்து வந்திருக்கிறார்கள். பெண்ணுக்கு, அம்மாவுக்கு, அத்தைமாருக்கு, சம்பந்தி வீட்டுக்கு என்று அத்தனையும் பட்டு. பேச்சித்தாய் முன்னால் போனாள்.

"வாங்கம்மா! வாங்க, வாங்க. எல்லாரும் நல்லா உக்காருங்க!"

அவள் குரல் நடுங்கியது. ஆனால் அந்த வார்த்தையை விடவில்லை.

மத்தியானம் வரை எடுத்தார்கள். தீபாவளி முடிந்த கையோடு இப்படியொரு வியாபாரத்தை நான் பார்த்ததில்லை. அண்ணாச்சி ஒரு ஓரமாக நின்று போர்டையும் என்னையும் அந்த ஸ்டூலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் கூப்பிட்டு விட்டார். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டுதான் இறங்கினேன்.

"ஆவுடை, அந்தப் பிள்ளை இருக்கட்டும். ராசியான பிள்ளை. போர்டையும் மாத்திரும்."

"என்ன எழுத அண்ணாச்சி?"

"அதான்வே... உட்காரலாம்." மெதுவாக, யாருக்கும் கேட்காமல் சொன்னார். "அப்புறம் ஒரு விசயம். நாளையில இருந்து காலையில கடை தொறந்ததும் நீரு அதே ஸ்டூல்ல, அதே எடத்துல உக்காந்திரணும். மொத கஸ்டமரு படியேறுற வரைக்கும் எந்திரிக்கப்பிடாது. எந்திரிச்சீரு, தொலைச்சிருவேன்."

பேச்சித்தாயிடம் சொன்னேன். "உரிமை கேட்டா டூட்டியாக் குடுத்துட்டாரே!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் அந்த மாம்பழக் கலர் சேலையை விற்றுவிட்டு வந்தாள்.

இதை எழுதும்போதுதான் கவனிக்கிறேன். பக்கத்தின் மேல் மூலைப் படத்தில் அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

அக்டோபர் 27, வியாழன்

காலையில் டூட்டிப்படி உட்கார்ந்தேன். பிறகு டூட்டி முடிந்தும் உட்கார்ந்தேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. புதுப் போர்டு மாட்டியாயிற்று.

வீட்டுக்கு வந்தால் உலகம்மாள் இந்த டைரியைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறாள். முழுக்கப் படித்திருக்கிறாள். சண்டை வரும் என்று நினைத்தேன். அவள் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து என் இடது காலை மடியில் எடுத்து வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"நோவுறது, வீங்குறது எல்லாம் இந்தக் காலுல்லா? அண்ணாச்சிக்கிட்ட மட்டும் எப்படி வலது காலு மரத்துச்சி?"

அவசரத்தில் வாய் தவறியிருக்கும் என்றேன்.

"இருக்கலாம்," என்றாள் உலகம்மாள்.